செவில்லா, லிஸ்பன், ஹேக்: எந்தக் காப்பகத்தை முதலில் திறக்கலாம்?

கடல் கடந்து போன ஐரோப்பியர்கள் கைப்பட எழுதியதையே படிக்க ஆசைப்படுபவர்களுக்கு மூன்று பெரிய ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. மூன்றும் ஏராளமான பக்கங்களை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன.

அளவில் பிரமிக்க வைப்பது ஸ்பெயினின் செவில்லா. 1785-இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் தொடங்கிய ‘இந்தியாஸ்’ காப்பகத்தில் சுமார் 43,000 கட்டுகள், 8 கோடி பக்கங்கள். அமெரிக்காவில் ஒரு வேலை கேட்டு, ‘டான் குவிக்சாட்’ நாவலை எழுதிய செர்வாண்டெஸ் 1590-இல் போட்ட மனு இங்கேதான் இருக்கிறது; ‘இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளட்டும்’ என்று மறுத்துவிட்டார்கள். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘இந்தியாஸ்’ என்பது அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும்தான், நம் இந்தியா அல்ல.

என் மனம் ஒட்டியிருப்பது லிஸ்பனில் உள்ள போர்ச்சுகலின் தேசியக் காப்பகமான தோரே தோ தோம்போவில். காரணம் ஒரே ஒரு கடிதம். கோழிக்கோட்டில் எழுத்தராக வேலை பார்க்கக் கப்பலேறிய பேரோ வாஸ் தெ கமீன்யா, வழியில் பிரேசில் கரையிலிருந்து 1500 மே 1 அன்று மன்னருக்கு எழுதியது. கப்பலுக்கு வந்த உள்ளூர்க்காரர்களிடம் ஆட்டைக் காட்டினார்களாம், அவர்கள் சட்டை செய்யவில்லை. கோழியைக் காட்டினால் பயந்தார்களாம். ஒருவர் ஜெபமாலையையும் கப்பற்படைத் தலைவரின் கழுத்துச் சங்கிலியையும் கரையையும் மாறி மாறிச் சுட்டிக்காட்ட, ‘இதற்குப் பதிலாகத் தங்கம் தருவார்கள்’ என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதையும் எழுதிவிட்டு, நாங்கள் ஆசைப்பட்டதால் அப்படிப் புரிந்துகொண்டோம் என்று சேர்க்கிறார் கமீன்யா. அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதத்தைப் படிக்கலாம். அதே ஆண்டு கோழிக்கோட்டில் நடந்த தாக்குதலில் அவர் இறந்துபோனார். கடிதம் அச்சேறியது 1817-இல்தான்.

லிஸ்பனின் குறை, 1755 நிலநடுக்கம். காப்பகம் இருந்த கோபுரம் இடிந்தும் அதன் ஆவணங்களில் பெரும்பகுதியை மீட்டுவிட்டார்கள். ஆற்றோரம் இருந்த, போர்ச்சுகல் அரசின் கடல்கடந்த வணிகத்தைக் கவனித்த ‘இந்திய மாளிகை’ என்ற அலுவலகத்தின் வணிக ஏடுகளோ அழிந்துபோயின.

சரி, சோழமண்டலக் கரையைப் பற்றித் தேட வேண்டுமென்றால்? தயங்காமல் ஹேக்கில் உள்ள நெதர்லாந்து தேசியக் காப்பகம் என்பேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி (1602–1799) ஊழியர்களின் எழுத்தில் கமீன்யாவின் வியப்பெல்லாம் கிடையாது. துணி, விலை, கப்பல், கணக்கு. ஆனால் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களின் கையெழுத்தைக் கணினியே படித்து எழுத்துவடிவமாக்கியிருக்கிறது. ஊர்ப் பெயரைத் தட்டினால் பக்கம் வந்து நிற்கும். பதினாறாம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசியக் கிறுக்கலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கணினி தப்பாகவும் படிக்கும், அதனால் மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் பலவிதமாக எழுதியிருப்பதால் எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

அப்புறம், அதே கம்பெனியின் ஏடுகளில் ஒரு பகுதி சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறது.