டிஎஸ்எம்சிக்கு மாற்று யார்? சாம்சங்கும் இன்டெலும் நேருக்கு நேர்

2025 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்25 வரிசை போன்களுக்குள் இருந்தது குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 எலைட் சிப். அதைச் செய்து கொடுத்தது, மற்றவர்கள் வரைந்த சிப்களை ஆலையில் உருவாக்கித் தரும் தைவானின் டிஎஸ்எம்சி. சொந்தமாக சிப் ஆலை நடத்தும் சாம்சங், தன் விலை உயர்ந்த போனுக்கான சிப்பைப் போட்டியாளரின் ஆலையிலிருந்து வாங்கவேண்டி வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு இன்டெல் வெளியிட்ட லூனார் லேக் லேப்டாப் பிராசஸரிலும் இதே கதைதான். கணக்குப் போடும் முக்கியத் துண்டு டிஎஸ்எம்சியின் 3 நானோமீட்டர் வரிசையில் (இந்த எண் சிறிதாக ஆக, சிப் தொழில்நுட்பம் நுண்ணியது என்று பொருள்) செய்யப்பட்டது.

முதலிடம் யாருக்கு என்பதைப் போட்டியாளர்களே இப்படிச் சொல்லிவிட்டார்கள். இன்று உலகத்துக்கு அவசரமாகத் தேவைப்படுவது நம்பகமான இரண்டாவது ஆலை. உலகின் மிக நுண்ணிய சிப்களில் பெரும்பங்கு, சீனாவிலிருந்து குறுகலான இடத்தில் 130 கிலோமீட்டர் அகலமே உள்ள நீரிணையின் ஓரத்தில், தைவானில், செய்யப்படுகிறது. அங்கே கப்பல் போக்குவரத்து ஒரு மாதம் நின்றாலும் போன் முதல் மருத்துவமனை ஸ்கேனர் வரை தட்டுப்பாடு வரும். அந்த இரண்டாவது நாற்காலிக்குத் தகுதியோடு போட்டியிடுபவர்கள் இருவர்தான்: தென்கொரியாவின் சாம்சங், அமெரிக்காவின் இன்டெல். ஜப்பானின் ராப்பிடஸ் ஹொக்கைடோவில் 2 நானோமீட்டருக்கு முயல்கிறது. அது இன்னும் தொடக்க நிலையில் இருப்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இயந்திரம் ஒன்று, விளைவு மூன்று

மூவரும் வாங்குவது ஒரே இயந்திரத்தைத்தான். நெதர்லாந்தின் வெல்ட்ஹோவன் ஊரில் இருக்கும் ஏஎஸ்எம்எல் தவிர ஈயூவி எனும் புறஊதா ஒளியால் சிப்களை அச்சிடும் இயந்திரத்தை உலகில் வேறு யாரும் விற்பதில்லை. அதற்குள் விநாடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகள் பாய்கின்றன. ஒவ்வொரு துளியையும் லேசர் இரண்டு முறை அடிக்கிறது. முதல் அடியில் துளி தட்டையாகிறது. இரண்டாவது அடியில் பிளாஸ்மாவாகி 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியை உமிழ்கிறது. இந்த ஒளியைக் காற்றும் விழுங்கும், லென்ஸும் விழுங்கும். அதனால் எல்லாம் வெற்றிடத்தில் நடக்கிறது. ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்த கண்ணாடிகள்தான் ஒளியைத் திருப்பித் திருப்பி வேஃபர் எனும் வட்டமான சிலிக்கான் தகட்டில் கொண்டுசேர்க்கின்றன.

2012-இல் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் தேவைப்பட்டபோது மூன்று நிறுவனங்களும் ஏஎஸ்எம்எல்லில் பங்கு வாங்கின. இன்டெல் 15 சதவீதம், டிஎஸ்எம்சி 5, சாம்சங் 3. அதிகம் போட்ட இன்டெல்தான் கடைசியாகப் பயன்படுத்தியது. 2019 வாக்கிலேயே மற்ற இருவரும் ஈயூவியில் உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டார்கள். இன்டெலின் முதல் ஈயூவி சிப் கடைக்கு வந்தது 2023 டிசம்பரில்.

ஆகவே வித்தியாசம் இயந்திரத்தைக் கையாளும் பழக்கத்தில் இருக்கிறது. 300 மில்லிமீட்டர் வேஃபர் ஒன்றில் 100 சதுர மில்லிமீட்டர் சிப்களை அச்சிட்டால் ஏறக்குறைய அறுநூறு கிடைக்கும். அவற்றில் நூற்றுக்கு எண்பது பழுதில்லாமல் தேறினால் 480 சிப், ஐம்பது தேறினால் 300. வேஃபருக்கான செலவு இரண்டிலும் ஒன்றே. இந்தத் தேறும் விகிதத்தை உயர்த்த ஒரே வழி, நிறைய வேஃபர் ஓட்டி, கெட்டதைப் பிரித்துப் பார்த்து, நூற்றுக்கணக்கான படிகளில் எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பது. நிறைய வேஃபர் ஓட்ட நிறைய ஆர்டர் வேண்டும். ஆர்டர் உள்ளவரிடம்தான் தேறும், தேறுபவரிடம்தான் ஆர்டர் போகும். பின்தங்கியவரை மேலும் பின்னால் தள்ளும் சுழல் இது. சாம்சங், இன்டெல் இரண்டின் துயரத்தையும் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும்.

சாம்சங்: அனுபவம் உண்டு, நம்பிக்கை குறைவு

ஐபோன்களின் ஏ4 முதல் ஏ7 வரையிலான சிப்களைச் செய்தது சாம்சங்தான். ஆனால் அதே சாம்சங் கேலக்ஸி போன்களும் விற்றது. 2011-இல் ஆப்பிள் அதன்மீது வழக்குப் போட்டது. 2014-இல் ஏ8 சிப் டிஎஸ்எம்சிக்குப் போனது. போட்டிக் கடைக்காரரிடமே மசாலாப் பக்குவத்தைக் கொடுத்து அரைத்து வாங்குவது எத்தனை நாள் நடக்கும்? மோரிஸ் சாங் 1987-இல் டிஎஸ்எம்சியைத் தொடங்கியபோது போட்ட விதியே இதுதான்: நாங்கள் எங்கள் பெயரில் சிப் விற்கமாட்டோம், வாடிக்கையாளர் வரைந்ததை மட்டும் செய்து தருவோம். அன்று அதைப் பெரிய ஆதாயமாக யாரும் பார்க்கவில்லை. இன்று சாம்சங்கால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத சொத்து அது.

2015-இல் இரண்டு ஆலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அரிய வாய்ப்பு ஒன்று வந்தது. ஐபோன் 6எஸ்ஸின் ஏ9 சிப்பை ஆப்பிள் இருவரிடமும் செய்யக் கொடுத்தது. சாம்சங் 14 நானோமீட்டரில் செய்த சிப் 96 சதுர மில்லிமீட்டர். டிஎஸ்எம்சி 16 நானோமீட்டரில் செய்தது 104.5. காகிதத்தில் சாம்சங்கின் கைதான் ஓங்கியிருந்தது. போன் வாங்கியவர்களோ தங்களுக்கு எந்தச் சிப் வந்திருக்கிறது என்று செயலி போட்டுத் தேடி, டிஎஸ்எம்சி சிப்பில் பேட்டரி அதிக நேரம் நிற்கிறது என்று எழுதத் தொடங்கினார்கள். நடைமுறைப் பயன்பாட்டில் வித்தியாசம் இரண்டு மூன்று சதவீதமே என்று ஆப்பிள் விளக்கம் தந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டின் ஏ10 முழுவதும் டிஎஸ்எம்சிக்குப் போனது. ஐபோனின் முதன்மைச் சிப் ஆர்டர் அதன்பின் சாம்சங்குக்குத் திரும்பவில்லை. நானோமீட்டர் எண்ணைப் பார்த்து ஆலையை எடைபோடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகும் பெரிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். என்விடியாவின் 2020 கிராஃபிக்ஸ் அட்டைகள் சாம்சங்கின் 8 நானோமீட்டரில் வந்தன. அடுத்த தலைமுறை டிஎஸ்எம்சிக்கு மாறியது. குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங்கின் 4 நானோமீட்டரில் வந்து, சூடாகிறது என்ற புகார் எழுந்தபின், சில மாதங்களில் அதன் மேம்பட்ட வடிவம் டிஎஸ்எம்சியில் செய்யப்பட்டது. 2022 ஜூன் 30 அன்று, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ‘கேட்’ நான்கு பக்கமும் சூழ்ந்திருக்கும் புதுவகை டிரான்சிஸ்டரோடு 3 நானோமீட்டர் உற்பத்தியை உலகில் முதலில் தொடங்கியது சாம்சங்தான். டிஎஸ்எம்சி அந்த வகைக்கு மாறியது 2 நானோமீட்டரில், 2025 இறுதியில். மூன்றாண்டு முந்தியும் பெரிய வாடிக்கையாளர்கள் வரவில்லை, காரணம் தேறும் விகிதம்.

இருந்தும் சாம்சங்கைத் தள்ளிவைக்க நான் தயாரில்லை. அடுத்தவர் வரைந்த சிப்பை, அடுத்தவர் சொன்ன தேதிக்குள், கோடிக்கணக்கில் செய்து கொடுத்த அனுபவம் டிஎஸ்எம்சிக்கு அடுத்து இந்த நிறுவனத்துக்குத்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் டெஸ்லா 1,650 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அந்தச் சிப்கள் வரப்போவது டெக்சஸ் மாநிலம் டெய்லரில் சாம்சங் கட்டிவரும் ஆலையிலிருந்து. வாடிக்கையாளர் இல்லாமல் தள்ளிப்போய்க்கொண்டிருந்த ஆலை அது.

இன்டெல்: இடம் சரி, பழக்கம் புதிது

இன்டெலின் வீழ்ச்சியைப் பற்றி எழுதும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. 2014-இல் 14 நானோமீட்டரைக் கொண்டுவந்தபோது உலகத்தில் அதற்கு நிகர் இல்லை. பிறகு 10 நானோமீட்டரில் ஈயூவி இல்லாமலே அளவுக்கு மீறி நெருக்க முயன்று, 2019 வரை தடுமாறியது. அந்த ஆண்டுகளில்தான் டிஎஸ்எம்சி முந்திச் சென்றது.

2021-இல் தலைமைக்கு வந்த பாட் கெல்சிங்கர், வெளியாருக்கும் சிப் செய்து தருவோம் என்று கதவைத் திறந்தார். நான்கு ஆண்டுகளில் ஐந்து தொழில்நுட்பத் தலைமுறைப் படிகள் ஏறுவோம் என்றார். தொழில்நுட்பத்தில் அது வெறும் வாய்ச்சொல்லாகப் போகவில்லை. 18ஏ என்ற படியில், மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளை வேஃபரின் பின்பக்கத்துக்கு மாற்றும் முறையை மற்ற இருவருக்கும் முன்பே உற்பத்திக்குக் கொண்டுவந்தது இன்டெல். அரிசோனாவின் சாண்ட்லரில் உள்ள ஆலையில் அதன் பாந்தர் லேக் சிப்கள் இந்த முறையில் உருவாகின்றன.

ஆனால் பணம் கரைந்தது. ஆலைப் பிரிவின் நட்டம் 2023-இல் 700 கோடி டாலர். 2024-இல் 1,300 கோடிக்கும் மேல். 2024 டிசம்பரில் கெல்சிங்கர் வெளியேறினார். ஜெர்மனியின் மாக்டபுர்க் ஆலை கைவிடப்பட்டது. ஒஹாயோ ஆலை 2030-க்குத் தள்ளிப்போனது. அடுத்து வந்த லிப்-பு டான் காலத்தில், 2025 ஜூலையில், அடுத்த படியான 14ஏ-க்குக் குறிப்பிடத்தக்க வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை நிறுத்தவும் நேரலாம் என்று நிறுவனமே எழுத்தில் தெரிவித்தது. அடுத்த மாதமே அமெரிக்க அரசு 890 கோடி டாலருக்குச் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது, ஆனால் தன் சிப்களை இன்டெலில் அச்சிடுவதாக வாக்குக் கொடுக்கவில்லை. பங்கு வாங்குவது வேறு, ஆர்டர் கொடுப்பது வேறு. இன்டெலுக்கு வேண்டியது இரண்டாவது.

இன்டெலுக்குள் ஆலையும் வடிவமைப்பும் ஐம்பது ஆண்டுக்கும் மேல் ஒரே வீட்டில் இருந்தவை. வடிவமைப்பாளருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கட்டடத்தில் கேட்டுக்கொள்ளலாம். வெளியார் வந்தால் எல்லாவற்றையும் கோப்பாக, விதியாக, எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஏற்றபடி எழுதித் தரவேண்டும். டிஎஸ்எம்சி இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறது.

நிலவரைபடம் சொல்வது

இடத்தை மட்டும் பார்த்தால் இன்டெலுக்கு எதிரே யாரும் நிற்க முடியாது. சாம்சங்கின் முக்கிய ஆலைகளான ஹ்வாசொங், பியொங்டேக் இரண்டும் சியோலுக்குத் தெற்கே, வடகொரிய எல்லைக்கு அதிகத் தூரமில்லாத இடங்களில் இருக்கின்றன. 2019 ஜூலையில் ஜப்பான் மூன்று வேதிப்பொருள்களின் ஏற்றுமதியை இறுக்கியபோது கொரிய ஆலைகள் பதறிய பதற்றம் மறக்கக்கூடியதில்லை. சீனாவின் சியானில் சாம்சங்குக்குப் பெரிய மெமரி ஆலை உண்டு. அதற்குக் கருவி கொண்டுபோக அமெரிக்காவின் அனுமதி வேண்டும். இரண்டு வல்லரசுக்கும் இடையில் நிற்கும் நிலை.

டிஎஸ்எம்சி சும்மா இருக்கவில்லை. 2020-இல் 1,200 கோடி டாலரில் அறிவித்த அரிசோனா திட்டம் 2025 மார்ச்சில் 16,500 கோடி டாலராக வளர்ந்தது. 2024 இறுதியில் அங்கே 4 நானோமீட்டர் உற்பத்தி தொடங்கிவிட்டது. ஆனால் புதிய படிகளை முதலில் தைவானிலேயே தொடங்குகிறார்கள். தைவான் அரசும் அப்படித்தான் விரும்புகிறது. 2025 அக்டோபரில் அரிசோனாவில் வந்த என்விடியாவின் செயற்கை நுண்ணறிவுச் சிப்பான பிளாக்வெல்லின் முதல் வேஃபரும், மெமரியோடு சேர்த்துப் பொதிவதற்கு (பேக்கேஜிங்) தைவானுக்கே போகவேண்டியிருந்தது. அமெரிக்க மண்ணில் ஆலை இருப்பதால் மட்டும் தைவான் சார்பு தீர்ந்துவிடாது. இந்தப் பொதியும் வேலையில் இன்டெல் நல்ல கைதேர்ந்த நிறுவனம். வெளி வாடிக்கையாளர்கள் இன்டெலின் கதவைத் தட்ட மிக எளிய வழி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சீனாவின் சிப் ஆலை நிறுவனமான எஸ்எம்ஐசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈயூவி வாங்க அதற்கு அனுமதியில்லை. பழைய 193 நானோமீட்டர் ஒளியில் ஒரே அடுக்கைப் பல முறை அச்சிட்டு 7 நானோமீட்டர் சிப்பை எடுத்தது. 2023 ஆகஸ்டில் ஹுவாவெயின் மேட் 60 ப்ரோவுக்குள் அது இருந்ததைக் கண்டு வாஷிங்டன் திகைத்தது. அந்த முறையில் படிகள் கூடும், பிசகுகளும் கூடும். சீனாவுக்குள் விலையைப் பொருட்படுத்தாமல் வாங்க ஆள் இருக்கும்வரை அது ஓடும். மற்ற நாட்டு நிறுவனங்கள் அங்கே போக அரசியல் இடம் தராது.

இனி என் தீர்ப்பு. செயற்கை நுண்ணறிவுக்கான ராட்சத சிப் என்றால் இன்றைக்கு டிஎஸ்எம்சியைத் தவிர வழியில்லை. போனுக்கோ காருக்கோ நடுத்தர அளவு சிப்பை இரண்டாவது இடத்திலும் செய்துவைக்க நினைப்பவருக்கு, அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் சாம்சங்தான் பொருத்தம். டெய்லர் ஆலை ஓடத் தொடங்கினால் இடம் பற்றிய பயமும் பாதி குறையும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு இன்டெல்தான் இயல்பான தேர்வு, ஆனால் அந்த ஆர்டர்களின் எண்ணிக்கை ஒரு ஆலையை நிரப்பாது. இன்டெல் இந்த வரிசையை மாற்றவேண்டுமானால், ஆப்பிள், குவால்காம், என்விடியா போன்ற ஒருவர் 14ஏ படியில் லட்சக்கணக்கான வேஃபர்களுக்குக் கையெழுத்திடவேண்டும். அதுவரை 10 சதவீத அரசுப் பங்கைவிட ஒரு டெஸ்லா ஒப்பந்தத்தைத்தான் நான் கனமாக எடைபோடுவேன்.