24 மணி நேரம்னு போட்டிருந்த காஜல், என் கண்ணுல ஏழு மணி நேரம்

ட்விஸ்ட் பண்ற டைப் காஜல் பென்சில், ஆஃபர்ல 249 ரூபாய்க்கு வாங்கினேன், மூணு மாசம் ஆச்சு. பிராண்ட் பேரு வேணாம், நடுவுல கொஞ்சம் திட்டவும் போறேன்.

எதுக்கு புதுசு வாங்கினேன்னா, பழசால கண்கட்டி வந்துச்சு. இடது கண்ணு கீழ் இமை காலைல எந்திரிக்கும்போதே புளியங்கொட்டை மாதிரி வீங்கியிருந்துச்சு. டாக்டர் பாத்துட்டு முதல்ல கேட்டதே "காஜல் எப்பம்மா வாங்கினது?"ன்னுதான், எனக்கு ஞாபகமே இல்ல, தங்கச்சி நிச்சயத்துக்கு வாங்கினதுன்னா ரெண்டு வருஷம் தாண்டிருச்சு. இமை ஓரத்துல எண்ணெய் சுரக்கற குட்டி குட்டி துவாரம் வரிசையா இருக்காம், நாம உள் ஓரத்துல இழுக்கற மை அத அடைச்சிரும்னு சொன்னாங்க. ரெண்டு வாரம் கண்ணுல எதுவும் வைக்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் மட்டும். அட்டை டப்பால திறந்த மூடி படம் போட்டு 12எம்னு இருக்கும் பாருங்க, திறந்து 12 மாசத்துக்குள்ள தீத்துடணும்னு அர்த்தம், அன்னைக்குதான் எனக்கே தெரியும்.

அந்த ரெண்டு வாரம் இருக்கே, அதப் பத்தி சொல்லியே ஆகணும். ஒன்பதாவது படிக்கும்போதிருந்து மை இல்லாம வாசல் தாண்டினது இல்ல நான். ஃபவுண்டேஷன் லிப்ஸ்டிக்லாம் பெருசா கிடையாது, அதனால "எனக்கு மேக்கப் பழக்கமே இல்ல"ன்னு பெருமையா வேற சொல்லிட்டு திரிஞ்சேன். முதல் நாள் ஆபீஸ் வாசல்ல செக்யூரிட்டி அண்ணா "என்னம்மா காய்ச்சலா"ன்னாரு. லிஃப்ட்ல ஒருத்தி நைட்டு தூங்கலையான்னா. டீம் லீட் முடியலன்னா சீக்கிரம் கிளம்புங்கன்னு மெசேஜே போட்டுட்டாரு (கிளம்பிட்டேன், அது வேற விஷயம்). சாயங்காலம் அம்மா வீடியோ கால்ல "ஏன்டி அழுதியா, மாப்பிள்ள ஏதாவது சொன்னாரா?" 2023-ல பாரிஸ் ஃபேஷன் வீக்குக்கு பமீலா ஆண்டர்சன் மேக்கப்பே இல்லாம போனப்ப ஊரே ஆஹா ஓஹோன்னுச்சு, நமக்கு வெறும் மை இல்லன்னா குளுக்கோஸ் ஏத்தலாமான்னு கேக்கறாங்க.

முதல் நாலு நாள் மீட்டிங்ல கேமராவ ஆஃப் பண்ணியே வெச்சிருந்தேன். ரெஸ்ட்ரூம் கண்ணாடி பக்கம் திரும்பல. அடுத்த வாரம் பாதில ஒரு மத்தியானம், சாப்ட்டு வந்து தூக்கம் சொக்குது, ரெண்டு உள்ளங்கையாலயும் கண்ண நல்லா கசக்கி தேச்சேன், கையப் பாத்தா சுத்தமா இருக்கு. சின்ன வயசுக்கப்புறம் நான் அப்படி கண்ண கசக்கினதே இல்லங்க, எப்பவும் ஓரமா ஒரு விரலால ஒத்தி எடுக்கறதுதான். அந்த சுகம் இருக்கே! அதுக்கப்புறம் யாரும் எதுவும் கேட்ட மாதிரி ஞாபகம் இல்ல, கேட்டாங்களோ என்னவோ நான் கவனிக்கல.

சரி பென்சிலுக்கு வரேன். கருப்பு நல்ல கருப்பு, ஒரே இழுப்புல வருது, எரிச்சல் இல்ல. பின்னாடி சிஐ 77499னு போட்டிருக்கு, அது இரும்பு ஆக்சைடு கருப்பு. பழைய காலத்து சுர்மாங்கற கண் மைல ஈயம் இருக்கும், அமெரிக்கால அத கண்ணுக்கு போட அனுமதியே இல்ல, அதனால பேரு தெரியாத டப்பா மை வாங்கறவங்க பாத்து வாங்குங்க. எங்க பாட்டி கரிசலாங்கண்ணி சாறுல துணிய நனைச்சு காயவெச்சு திரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டு எரிச்சு, மேல செப்புத் தட்ட கவுத்து கரி புடிப்பாங்க, வாசனை இன்னும் மூக்குல நிக்குது, ஆனா புகைக்கரியும் கண்ணுக்குள்ள வேணாம்னுட்டாங்க டாக்டர்.

24 மணி நேரம்ங்கறது சும்மா. சென்னை மே மாச வெயில், ஹெல்மெட், வேளச்சேரி சிக்னல், காலைல எட்டரைக்கு போட்டது மூணரைக்கு கன்னத்துக்கு இறங்கிருச்சு. ஏசிய விட்டு வெளிய வராதவங்களுக்கு வேணா நிக்கலாம். அளவு 0.35 கிராம்தான், கணக்கு போட்டா கிராம் 700 ரூபாய்க்கு மேல வருது, வெள்ளி இதவிட மலிவு. நைட்டு கழுவினா போகாது, பஞ்சுல தேங்காண்ணெ தொட்டு தொடச்சாதான் போகுது, அத சோம்பேறித்தனமா விட்டீங்கன்னா திரும்ப கண்கட்டிதான்.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். கல்யாணம், கோயில், ஃபோட்டோ எடுக்கற நாளுக்கு தாராளமா வாங்கலாம். முன்னாடிலாம் தினமும் மை போடுவேன், இது மூணு மாசமாகியும் பாதி கூட கரையல, ஆபீஸ் நாள்ல எடுக்கறதே இல்ல. டப்பால வாங்குன தேதிய மட்டும் மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கேன்.