பொமேட்: ஒரு டப்பா தீரும்வரை பயன்படுத்தினால் தெரிவது

முடியைப் படியவைக்கத் தலையில் தடவும் பசையான பொமேட்டை வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். ஸ்ட்ராங் ஹோல்டு, ஹை ஷைன் என்று பெரிதாகப் போட்டிருக்கும். தலையில் அது எப்படி நிற்கும், ராத்திரி கழுவினால் போகுமா போகாதா என்பது பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது. முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே போதும். பெட்ரோலேட்டம் (அதாவது வாசலின்), மினரல் ஆயில், தேன்மெழுகு என்று தொடங்கினால் எண்ணெய் வகை. அக்வா (தண்ணீர்தான்) என்று தொடங்கி செட்டியரெத்-25 (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைப்பது), கிளிசரின், பிவிபி (காய்ந்தால் படலமாகும் பசைப்பொருள்) என்று போனால் தண்ணீர் வகை. பட்டியல் அழிந்திருந்தால் புறங்கையில் துளி தடவிக் குழாயடியில் காட்டுங்கள். வெள்ளையாகக் கரைந்து ஓடினால் தண்ணீர் வகை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் வகை.

இரண்டும் முடியைப் பிடிக்கும் விதமே வேறு. எண்ணெய் வகை காய்வதே இல்லை. அதன் பிசுக்கும் கனமும்தான் முடியைப் படுக்கவைக்கிறது. அதனால் சாயங்காலம் சீப்பை எடுத்தாலும் காலையில் வாரியது போலவே வாரலாம். தண்ணீர் வகையில் ஈரம் ஆவியானதும் பிவிபி மெல்லிய படலமாகக் காய்ந்து முடிகளை ஒட்டிவைக்கும். பிடிப்பு அதிகம்தான், ஆனால் படலம் உடைந்துவிட்டால் சீப்பால் திரும்பி வராது. கையை நனைத்துத் தடவி மறுபடி காயவிட வேண்டும்.

எண்ணெய் வகையில் பழைய பெயர் முர்ரேஸ். 1925-இல் சிகாகோவில் தொடங்கியது, ஆரஞ்சுத் தகர டப்பா. மிகவும் கெட்டி. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஸ்கோரம் சலூன்காரர்கள் கொண்டுவந்த ரூசல் டப்பா நிறத்தாலேயே வகை சொல்லும்: இளஞ்சிவப்பும் பச்சையும் எண்ணெய், நீலமும் சிவப்பும் தண்ணீரில் கரைவது. கலிபோர்னியாவின் சுவாவெசிட்டோவும் லேரைட்டும் தண்ணீர் வகையில் பெயர் எடுத்தவை. நம் வீடுகளில் தெரிந்த பிரில்கிரீம், இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1928-இல் வந்தது, இரண்டிலும் சேராது. தண்ணீரையும் மினரல் ஆயிலையும் தேன்மெழுகு கொண்டு கலந்த கிரீம் அது. பளபளப்பு தரும், பிடிப்பு குறைவு. ஒட்ட வெட்டிய முடிக்கு அதுவே போதும்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் தண்ணீர் வகைக்குச் சோதனை காத்திருக்கிறது. கிளிசரினும் பிவிபியும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பவை. ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றால் படலம் இளகி, ஏற்றிச் சீவிய முன்முடி பிளந்து நெற்றியில் விழும். பிறகு ஏசி அறைக்குள் போனால் அதே படலம் கலைந்த நிலையிலேயே இறுகிவிடும். ஒரு நாளில் இது நாலு முறை நடந்தால் எந்த ஸ்ட்ராங் ஹோல்டும் தாங்காது. பட்டியலில் விபி/விஏ கோபாலிமர் என்று இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அது பிவிபி அளவுக்கு ஈரம் இழுக்காது. வெயில் நேரத்தில் தண்ணீர் வகை வியர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கினால் எரியவும் செய்யும்.

எண்ணெய் வகைக்கு ஈரம் பிரச்சினை இல்லை, சூடுதான் பிரச்சினை. வாசலின் 40 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே சித்திரை வெயிலுக்கு வாங்குகிறீர்கள் என்றால் தேன்மெழுகு பட்டியலில் முன்னால் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் முதலில் வருகிற டப்பா மதியத்துக்குள் கிருதா வழியே கழுத்துக்கு இறங்கிவிடும், சட்டைக் காலர் கெடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கதை தலைகீழ். மெழுகு அதிகமான டப்பா மார்கழியில் நகத்துக்குக்கூட மசியாது. ஹேர் டிரையரை டப்பாவுக்கு மேல் அரை நிமிடம் காட்டிவிட்டு எடுக்க வேண்டும்.

தண்ணீர் வகையை வாங்கி, "பிடிக்கவே இல்லை" என்று ஒதுக்குகிறவர்களில் பலருக்குத் தவறு டப்பாவில் இல்லை. காலையில் தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் அதைத் தடவியிருப்பார்கள். எண்ணெய் பூசிய முடியில் அந்தப் படலம் ஒட்டாமல் வழுக்கிவிடும். எண்ணெய் வைக்கும் பழக்கத்தை விட வேண்டாம். ராத்திரி வைத்துக் காலையில் அலசுங்கள், அல்லது எண்ணெய் வகைக்கே மாறிவிடுங்கள்.

தடவும் முறைக்கு வருவோம். ஈரமான முடி காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில்தான் தங்கும். பொமேட் அந்த வடிவத்தைக் காப்பாற்றுமே தவிர உண்டாக்காது. எனவே குளித்ததும் துண்டால் ஒற்றி, முக்கால் பங்கு காய்ந்த நிலையில் வேண்டிய பக்கம் வாரியபடியே டிரையர் காட்டுங்கள், கடைசியில் குளிர்காற்று. டிரையர் இல்லாவிட்டால் மின்விசிறிக்குக் கீழே வாரிக்கொண்டே காயவிடுங்கள். உச்சிச் சுழி எழும்பி நிற்பவர்கள் சுழியைச் சுழலும் திசையிலேயே காயவைக்க வேண்டும். எதிர்த்துச் சீவினால் எந்தப் பொமேட்டும் பத்து மணிக்கு மேல் தாங்காது.

எண்ணெய் வகை முழுக்க உலர்ந்த முடியில், தண்ணீர் வகை லேசான ஈரத்தில். நான்கு அங்குல முடிக்கு முதலில் ஒரு கொண்டைக்கடலை அளவு. விரல் நகத்தின் பின்புறத்தால் சுரண்டி எடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் கட்டி தெரியாமல் கண்ணாடி போல ஆகும்வரை, 15 விநாடியாவது தேயுங்கள். பலர் செய்யும் தவறு முதல் கை நேராக முன்முடிக்குப் போவது. மொத்தச் சரக்கும் அங்கே அப்பிக்கொண்டு, பாரம் தாங்காமல் முன்முடி சரியும். பின்மண்டையில் தொடங்கி, பக்கங்கள், பிறகு உச்சி, கடைசியாகக் கையில் மிஞ்சியது முன்முடிக்கு. விரல் நுனி முடியின் அடிவரை போக வேண்டும். மேலே மட்டும் பூசினால் மேல் அடுக்கு மினுங்கும், அடியில் இருப்பது தன்போக்கில் எழும்பும். பற்றாவிட்டால் பாதிக் கடலை அளவு சேர்க்கலாம். கூடுதலாகப் போட்டதைக் குறைக்கக் கழுவுவது தவிர வழியில்லை. அகலப் பல் சீப்பால் பரப்பி, வகிடு எடுத்து, நெருங்கிய பல் சீப்பால் முடியுங்கள்.

முடி அடர்த்தி குறைந்தவர்களுக்கு இரண்டுமே சரிவராது. பொமேட் முடிகளைக் கற்றை கற்றையாகச் சேர்ப்பதால் இடையில் மண்டைத் தோல் தெரியும். களிமண் கலந்த, பளபளப்பில்லாத ஹேர் கிளே வகையைப் பார்க்கட்டும்.

தோளில் வெள்ளைத் துகள் விழுந்தால் உடனே பொடுகு என்று மருந்து ஷாம்பு வாங்காதீர்கள். துகளை விரலில் வைத்து ஒரு துளி தண்ணீர் விடுங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் அது உடைந்த பிவிபி படலம். ஜெல்லுக்கு மேல் பொமேட் போட்டாலும், காய்ந்த தலையைத் திரும்பத் திரும்ப வாரினாலும் இப்படி உதிரும். கரையாவிட்டால்தான் பொடுகு.

ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு எண்ணெய் வகையே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. எந்தத் தலையும் ஹெல்மெட்டுக்குள் நசுங்கும். கழற்றியதும் பைச் சீப்பால் சரிசெய்ய முடிவது காயாத பொமேட்டில்தான். ஹெல்மெட்டின் உள்துணி பிசுக்கேறாமல் இருக்க மெல்லிய பருத்தித் துணியை உள்ளே கட்டிக்கொள்ளுங்கள், அதை வாரம் இருமுறை துவையுங்கள்.

எண்ணெய் வகையைப் பாதியில் விடுகிறவர்கள் எல்லோரும் கழுவும் இடத்தில்தான் விடுகிறார்கள். வாசலின் தண்ணீரில் கரையாது. நனைத்த தலையில் ஷாம்பு போட்டால் முடியைச் சுற்றிய பிசுக்கின் மேல் தண்ணீர் உருண்டோடும், நுரையே வராது. எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும். உலர்ந்த தலையில் இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, அடிவரை தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பொமேட் இளகி எண்ணெயோடு கலந்துவிடும். பழைய துண்டால் அழுத்தித் துடைத்தால் பாதி துண்டிலேயே வந்துவிடும். பிறகு தண்ணீர் படாமல் ஷாம்பைத் தேய்த்து, அதன்மேல் சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்து நுரை வரவைத்து அலசுங்கள். இரண்டாம் முறை போட்டால் நுரை தாராளமாக வரும். சீயக்காய் மட்டும் இதற்குப் போதாது. அதோடு பயத்தமாவு கலந்தால் பிசுக்கை ஓரளவு உறிஞ்சும். போர் தண்ணீர் உப்பாக உள்ள வீட்டில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடவே வேண்டாம். சோப்பு உப்போடு சேர்ந்து சாம்பல் படிவாக முடியில் தங்கும்.

இவ்வளவு வேலையை நாள்தோறும் செய்யத் தேவையில்லை. வாரம் இருமுறை போதும். முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில் எண்ணெய் வகை நன்றாகப் படியும், அந்த நாட்களில் பட்டாணியில் பாதி சேர்த்தாலே வாரிவிடலாம். அதனால்தான் 113 கிராம் டப்பா தண்ணீர் வகையில் நான்கு மாதத்துக்குள் தீர, எண்ணெய் வகை ஆறு மாதத்தைத் தாண்டுகிறது. புழுதி அதிகமான சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிசுக்கில் தூசி அப்பும், ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவியாக வேண்டும்.

நெற்றியோரத்தில் சிறு சிறு பருக்கள் வரிசையாக வந்தால் காரணம் பெரும்பாலும் டப்பாதான். தோல் மருத்துவத்தில் இதற்கு பொமேட் ஆக்னே என்றே பெயர் உண்டு. முடி தொடங்கும் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளித் தடவுங்கள், தடவியதும் ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்துவிடுங்கள். தலையணை உறைமேல் ஒரு டர்க்கித் துண்டு விரித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்படியும் நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் எண்ணெய் வகையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தண்ணீர் வகை டப்பாவை இறுக மூடாவிட்டால் ஓரம் சுருங்கி ரப்பர் போலாகும். அதற்குள் ஈரக் கையை விட்டால் பூசணம் பிடிக்கலாம். எண்ணெய் வகைத் தகர டப்பாவைக் குளியலறையில் வைத்தால் விளிம்பு துருப்பிடிக்கும். வண்டிப் பெட்டியில் வெயிலில் விட்டால் உருகி, திரும்ப உறையும்போது மெழுகு ரவை ரவையாகப் பிரியும். அப்படிப் பிரிந்ததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. டப்பாவைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து முழுக்க உருக்கி, ஈர்க்குச்சியால் கலக்கி, அசையாமல் ஆறவிட்டால் பெரும்பாலும் பழைய பதத்துக்கு வந்துவிடும்.