கொழும்பு வெள்ளவத்தையில் வீடு வாடகைக்குக் கொடுக்க இந்தப் புரோக்கர் ஒபிஸுக்குப் போகலாமா?

ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இராமகிருஷ்ண வீதிப் பக்கம் இருக்கும் எங்கள் இரண்டு அறை பிளாட்டுக்கு நானே பேப்பரில் விளம்பரம் போட்டு ஒன்றரை மாதம் பார்த்தும் சரியான ஆள் அமையவில்லை, இவர்களிடம் சொன்ன நாலாம் நாள் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். மாதம் 75,000, இரண்டு மாத அட்வான்ஸ், இரண்டு வருட அக்ரிமெண்ட். கமிஷன் என்னிடம் ஒரு மாத வாடகை, குடிவந்தவர்களிடமும் ஒரு மாதம். "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அக்கா, எல்லாம் நாங்க பாத்துக்கொள்ளுவம்" என்றார் ஒபிஸில் இருந்த தம்பி.

ஆறு மாதம் வாடகை தேதி தவறாமல் வந்தது. ஏழாவது மாதம் "பிஸ்னஸ் கொஞ்சம் டைட் அக்கா, அடுத்த மாசம் சேர்த்துப் போடுறன்" என்றார் குடியிருந்தவர். எட்டாவது மாதம் போனே எடுப்பதில்லை. ஒன்பதாவது மாதம் முடியப்போகும் நேரம் வாட்ச்மேன் ஐயா கூப்பிட்டார்: "பிள்ளை, உங்கட ஆக்கள் வீடு மாறிட்டினமோ? ராத்திரி டிமோ பட்டா லொறியில ரெண்டு தரம் சாமான் ஏத்திச்சினம்."

வீட்டுத் திறப்பைக் கீழே மரக்கறிக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். குசினியில் என்னுடைய காஸ் சிலிண்டரைக் காணோம், அது நின்ற இடத்தில் தரையில் ஒரு துரு வட்டம். கிழிக்கும் கலண்டர் 26ஆம் தேதியில் நின்றது. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி, தொட்டுப் பார்த்தால் மண் ஈரம். போகிற அவசரத்திலும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். மூன்று மாத வாடகை 225,000, கட்டாமல் விட்ட கரண்ட், தண்ணி பில் 31,400, அட்வான்ஸைக் கழித்தாலும் 106,400 ரூபாய் நிற்கிறது, ஆனாலும் அந்தச் செடியைப் பார்த்ததும் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

சரி, புரோக்கர் ஒபிஸுக்குப் போனேன். அதே தம்பி. "நாங்க ஆளைக் காட்டி விடுறது மட்டும்தான் அக்கா." குடியிருந்தவரின் அடையாள அட்டைக் கொப்பி கேட்டேன், போனில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார், பின்பக்கம் இல்லை. குடிவருபவர்களின் பெயரைப் பொலிஸில் பதிவு செய்தும் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள், செய்யவில்லை. யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் இருந்த தமிழர்களுக்கு அந்தப் பதிவு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெரிய அடி அக்ரிமெண்டில்தான். அச்சடித்த படிவத்தில் பேனாவால் பெயர்களை நிரப்பி, முத்திரை ஒட்டி, கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நானும் பத்திரமாக அலுமாரியில் வைத்திருந்தேன். கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் காட்ட, அவர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் உறுதி எழுதும் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாகியிருக்க வேண்டும், 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, இது வெறும் மாத வாடகைக் கணக்கு என்றார். இருந்த மாதங்களின் பாக்கியைக் கேட்கலாம், மிச்சம் 15 மாதத்தைப் பற்றி வாயே திறக்க முடியாது. அதற்கும் இந்த அளவுத் தொகை என்றால் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது, முதலில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமரசம் பேசும் மத்தியஸ்த சபை. அங்கே அழைப்பு அனுப்ப விலாசம் வேண்டும். விலாசம் அடையாள அட்டையின் பின்பக்கத்தில்.

ஆகவே அவசரமாக ஆள் வேண்டுமென்றால் போங்கள், ஆனால் கமிஷனைக் கொடுக்கும் முன் நொத்தாரிசை நீங்களே பிடியுங்கள், அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் உங்கள் கையால் கொப்பி எடுங்கள், கரண்ட் பில் உங்கள் பெயரில் இருந்தால் மாதாமாதம் கட்டிய ரசீதைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, கரண்டை வெட்டப்போவதாகச் சிவப்பு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது.

போன கிழமை அந்தத் தம்பி திரும்பவும் போன் பண்ணினார். "அக்கா, நல்ல பார்ட்டி ஒண்டு இருக்கு, நாளைக்கே வருவினம்." நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்து வைப்பார்களா என்று கேட்டேன். "அது லேட்டாகும் அக்கா, அவை அவசரமா தேடினம்" என்றார். வீடு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது, செடிக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் நான்தான் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன்.