காஸ் ஃபேர்னஸோடு ஹீட் பம்ப்: இரண்டு குளிர்காலம், இரண்டு கோடை

ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரான மார்க்கத்தில் (Markham) நாங்கள் இருக்கும் வீடு தொண்ணூறுகளில் கட்டியது. இரண்டு மாடி, கீழே பேஸ்மென்ட். வீட்டோடு வந்த, காஸை எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஃபேர்னஸும் 3 டன் ஏசியும் 2023 வரை ஓடின. அந்த இலையுதிர் காலத்தில் இரண்டையும் ஒன்றாகக் கழற்றிவிட்டு, குளிர்ப் பிரதேசத்துக்கென்று செய்யப்பட்ட 2.5 டன் ஹீட் பம்பும், அதற்குத் துணையாக ஒரு சிறிய காஸ் ஃபேர்னஸும் போட்டோம். ஹீட் பம்ப் என்பது குளிர்காலத்தில் வெளிக்காற்றிலிருந்து சூட்டை வீட்டுக்குள் இழுத்து, கோடையில் ஏசியாக வேலைசெய்யும் மின்சார மெஷின். இதே முடிவை எடுக்கவேண்டிய நிலையில் ரொறன்ரோப் பக்கம் நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பனி மெஷின்?" என்றுதான். வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும், அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் டக்டுக்குள்ளால் எவ்வளவு காற்றுப் போகும், இந்த இரண்டையும் அளந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கே வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கொட்டேஷன் கொடுக்க வந்தவர்களில் பெரும்பாலானோர் பழைய ஃபேர்னஸில் ஒட்டியிருந்த 100,000 பிடியு (மணிக்கு எவ்வளவு சூடு என்பதன் அளவு) என்ற எண்ணைப் பார்த்தார்கள், அதையே எழுதிக்கொண்டு போனார்கள். வெப்ப இழப்பைக் கணக்கிடுவதற்குக் கனடாவில் எஃப்280 என்றொரு முறை இருக்கிறது. அதைச் செய்து தரும்படி கேளுங்கள். அதற்கு முன், உங்கள் காஸ் பில்லை வைத்து நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எங்கள் ஜனவரி பில் 450 கன மீட்டர். கோடையில் தண்ணீர் ஹீட்டருக்கும் அடுப்புக்கும் மாதம் 40 கன மீட்டர் போகும். ஆகவே வீட்டைச் சூடாக்கப் போனது 410. ஒரு கன மீட்டர் காஸில் ஏறத்தாழ 10.5 யூனிட் (கிலோவாட் மணி) சக்தி. பழைய ஃபேர்னஸ் அதில் 80 வீதத்தைத்தான் வீட்டுக்குள் விடும், மிச்சம் புகைபோக்கியால் போய்விடும். பெருக்கிப் பார்த்தால் 3,440 யூனிட். அதை மாதத்தின் 744 மணித்தியாலங்களால் பிரித்தால் சராசரியாக 4.6 கிலோவாட். அது வெளியே மைனஸ் 4 அளவில் நின்ற மாதத்துக்கான கணக்கு. ரொறன்ரோவுக்குக் கணக்கில் எடுக்கும் கடுங்குளிரான மைனஸ் 20க்கு உயர்த்தினால் 8 கிலோவாட், அதாவது சுமார் 27,000 பிடியு. பழைய ஃபேர்னஸ் வீட்டுக்குள் தந்தது 100,000இல் 80 வீதம், அதாவது 80,000. தேவையைப் போல மூன்று மடங்கு!

அதனால்தான் அது சில நிமிடம் சூறாவளி மாதிரி வீசிவிட்டு நின்றுவிடும். கீழ்மாடி வெந்துபோகும், கராஜுக்கு மேலே இருக்கும் அறை மட்டும் குளிர்ந்தபடியே கிடக்கும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோது கொட்டேஷன்களின் நிறமே மாறியது. கடைசியில் 40,000 பிடியு ஃபேர்னஸே போட்டோம். மைனஸ் 20லும் அது தாராளமாகப் போதும்.

டக்ட் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியவர் வேலையைச் செய்து தந்த அண்ணைதான். டக்டில் சின்னத் துளையிட்டு, குழாயைச் செருகி, காற்றழுத்தத்தை அளந்தார். இந்த அழுத்தத்தை அங்குல நீர்மட்டம் என்ற அளவில் சொல்வார்கள்; பெரும்பாலான மெஷின்கள் அரை அங்குலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. எங்கள் வீட்டில் 0.8 காட்டியது. "தம்பி, மெஷின் எதெண்டாலும் போடலாம். இந்த டக்டுக்குள்ளால காத்துப் போகோணுமே" என்றார். ஹீட் பம்புக்கு டன்னுக்கு நிமிடம் 400 கன அடி காற்று என்பது பொதுக் கணக்கு. காற்றுக் குறைந்தால் குளிர்காலத்தில் மெஷின் திணறும், கோடையில் கொயிலில் ஐஸ் கட்டும். மேல்மாடியில் காற்றைத் திரும்ப இழுக்கும் வழி ஒன்று புதிதாகப் போட்டார். ஒரு அங்குல ஃபில்டர் இருந்த இடத்தில் நான்கு அங்குல ஃபில்டர்ப் பெட்டி வைத்தார். அழுத்தம் 0.5க்குள் வந்துவிட்டது. மொத்தச் செலவில் இது சிறு பங்குதான். ஆனால் இரண்டு வருடமாக நாங்கள் அனுபவிக்கும் வசதியில் பாதி அந்த வேலையால் வந்தது என்று சொல்வேன்.

எங்கள் சமையலுக்கு ஃபில்டரின் தடிப்பு இன்னும் முக்கியம். பொரியலும் தாளிதமும் நடக்கும் வீட்டில் எண்ணெய்ப் புகை நேராக அதில்தான் போய்ப் படியும். மெல்லிய ஃபில்டரில் நுண்ணிய தூசியையும் பிடிக்கும் மெர்வ் 13 (MERV 13) தரத்தை வாங்கிப் போட்டால் காற்றையே அடைத்துவிடும். தடித்தது போடுங்கள், அடுப்புப் புகை வெளியே போகும் விசிறியைச் சமைக்கும்போது மறக்காமல் போடுங்கள்.

கொட்டேஷன்களில் பலர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பழைய ஃபேர்னஸும் தண்ணீர் ஹீட்டரும் ஒரே புகைபோக்கியைப் பாவித்தன. புதிய ஃபேர்னஸின் புகை பிளாஸ்டிக் குழாயால் பக்கச் சுவர் வழியாக வெளியே போகிறது. அப்போது அந்தப் பெரிய புகைபோக்கியில் தண்ணீர் ஹீட்டர் தனித்துப்போகும். அதன் சிறிய புகை உள்ளேயே குளிர்ந்து நீராக வடியும், கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பும் ஆபத்தும் இருக்கிறது. உள்ளே சிறிய குழாய் இறக்கவேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

காஸை முழுதாக ஏன் கைவிடவில்லை என்றும் கேட்கிறார்கள். எங்கள் மின்சாரப் பலகை 100 அம்பியர். 10 கிலோவாட் மின் ஹீட்டரைத் துணைக்கு வைத்தால் அதற்கே 40 அம்பியருக்கு மேல் போகும். பலகையைப் பெரிதாக்கும் செலவும் கூடவே வரும். துணைக்குக் காஸ் இருந்தால் அந்தச் செலவு இல்லை.

குளிர்கால அனுபவம் முதல் வாரத்திலேயே ஒரு முறைப்பாட்டோடு தொடங்கியது. அம்மா காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்து, "இது குளிர்காத்தெல்லோ வருது" என்றா. பழைய ஃபேர்னஸின் காற்று 50 பாகைக்கு மேல் வரும். ஹீட் பம்பின் காற்று 35 முதல் 40 பாகைதான். உடல் சூட்டுக்கு அருகில் இருக்கும் காற்று வேகமாக மேலே பட்டால் தோலுக்குக் குளிராகத்தான் தெரியும். ஆனால் அறை 21 பாகையில் அசையாமல் நிற்கும். அம்மாவின் கட்டிலைத் துவாரத்துக்கு நேரே இல்லாமல் தள்ளிப் போட்டோம், துவாரத்துக்கு மேல் காற்றைத் திருப்பும் தகடு வைத்தோம். அடுத்த குளிர்காலத்தில் அவவே "முந்தின மாதிரி வெக்கையும் குளிரும் மாறி மாறி வாறேல்லை" என்று சொன்னா. முதியவர்கள் இருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வெளியே நிற்கும் மெஷினில் உறைபனி படியும். அதை உருக்க அது கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் ஓடும். அப்போது வெள்ளை ஆவி எழும்பும், ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. உருகி வடியும் நீர் கீழே ஐஸாகும் என்பதால் நடைபாதைப் பக்கம் வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். எங்களுடையது முழங்கால் உயர இரும்புத் தாங்கியில் நிற்கிறது. 2025 பெப்ரவரி நடுவில் அடுத்தடுத்துப் பனிப்புயல் வந்தபோது அந்தத் தாங்கியின் அருமை தெரிந்தது.

இனிப் பணம். 2023–24 குளிர்காலம் கனடாவின் பதிவிலேயே மிக வெதுவெதுப்பானது, அதை வைத்து முடிவு சொல்லக்கூடாது. அடுத்ததுதான் உண்மையான சோதனை. அந்த ஜனவரியில் காஸ் பாவனை 150 கன மீட்டர் அளவுக்கு இறங்கியது. மின்சாரம் அதற்கேற்ப ஏறியது. கணக்கு இப்படி: புதிய ஃபேர்னஸில் ஒரு கன மீட்டர் காஸ் ஏறத்தாழ 10 யூனிட் சூடு தரும். வெளியே 5 பாகை இருக்கும்போது ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் சூடு தரும், அதாவது அதே 10 யூனிட் சூட்டுக்கு 3.3 யூனிட் மின்சாரம் போதும். மைனஸ் 15 ஆகும்போது ஒன்றுக்கு இரண்டுக்குக் கிட்டத்தான் கிடைக்கும், அப்போது 5 யூனிட் தேவை.

ஒன்ராறியோவில் 2023 மேயில் வந்த நள்ளிரவுக் குறைகட்டணத் திட்டத்துக்கு மாறினோம். நாங்கள் மெஷின் பூட்டிய காலத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட் 2.8 சதம், வாரநாள் மாலை 4 முதல் 9 வரை 28.6 சதம். இரவில் மைனஸ் 15 என்றாலும் 5 யூனிட்டுக்கு 14 சதம்தான், விநியோகக் கட்டணம் தனி. மாலையில் 3.3 யூனிட்டுக்கே 94 சதம். ஆகவே இரவில் ஹீட் பம்பையே ஓட விடுகிறோம், மாலை 4 மணிக்கு முன் வீட்டை ஒரு பாகை கூட்டிவைத்து மெல்ல இறங்க விடுகிறோம், கடுங்குளிர் மாலைகளில் ஃபேர்னஸுக்கு மாற்றிவிடுகிறோம். வெளியே எத்தனை பாகையில் ஹீட் பம்பிலிருந்து ஃபேர்னஸுக்கு மாறவேண்டும் என்பதைத் தெர்மோஸ்டாட்டில் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல் காஸ் மீதான கார்பன் வரி, கன மீட்டருக்கு 15.25 சதம், இல்லாமல் போனது. காஸ் அந்தளவுக்கு மலிவானதால் பகல்நேர மாற்றப் புள்ளியை மேலே ஏற்றினேன். மொத்தத்தில் எங்கள் குளிர்காலச் செலவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெரிய மிச்சத்தை எதிர்பார்த்து இதைப் போடவேண்டாம் என்பேன்.

கோடைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். பழைய ஏசி வேகமாகக் குளிராக்கிவிட்டு நின்றுவிடும், ஈரலிப்பு அப்படியே இருக்கும். இது மெதுவாக, நீண்ட நேரம் ஓடி ஈரத்தை எடுத்துவிடுகிறது. 2025 ஜூன் வெப்ப அலையில் வெளியே 35 பாகையைத் தாண்டியபோதும் மேல்மாடியில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். பேஸ்மென்டின் பூஞ்சண வாசம் போயே போய்விட்டது.

ஒரு பழுது வந்தது. இரண்டாம் குளிர்காலத்தில் வெளி மெஷினின் மின்பலகை போய், புதியது வரும்வரை ஃபேர்னஸ் மட்டுமே வீட்டைத் தாங்கியது. பாகத்துக்கு உத்தரவாதம் இருந்தது, வேலைக்கூலி எங்கள் தலையில். பல கம்பனிகள் 10 வருட உத்தரவாதத்தைக் குறித்த நாட்களுக்குள் பதிவு செய்தால்தான் தரும். பூட்டிய அன்றே பதிவு செய்து, அந்தத் தாளையும் எடுத்துவையுங்கள்.

நாங்கள் போட்டபோது மத்திய அரசும் காஸ் நிறுவனமும் சேர்ந்து 10,000 டொலர் வரை தரும் திட்டம் இருந்தது. 2024 பெப்ரவரியில் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் 2025இல் வந்த மாகாணத் திட்டத்தில் காஸ் வீடுகளுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. இலவசமாகப் பூட்டித் தருகிறோம், மாதாமாதம் வாடகை கட்டினால் போதும் என்று வருபவர்களிடம் கவனம். வீடு வீடாக வந்து ஃபேர்னஸும் ஏசியும் விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சிலேயே தடைசெய்துவிட்டது. அப்படி எழுதிக்கொடுத்த ஒப்பந்தங்களுக்காக, மெஷினில் தங்களுக்கு உரிமை இருக்கிறதென்று கம்பனிகள் வீட்டு உறுதியிலேயே குறிப்புப் பதிவதையும் 2024 ஜூனில் நிறுத்தியது. ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர் பகலில் தனியே இருக்கும் வீடுகளில் தயவுசெய்து இதைச் சொல்லிவையுங்கள்.

இப்போது வாங்குபவர்களுக்கு ஒன்று. எங்கள் மெஷினுக்குள் சூட்டைச் சுமந்து சுற்றுவது ஆர்-410ஏ என்ற வாயு. அதை விட்டுப் புதிய மெஷின்கள் ஆர்-32, ஆர்-454பி பக்கம் போய்விட்டன. இவை இலேசாகத் தீப்பற்றக்கூடியவை என்பதால், வாயுக் கசிவை உணரும் கருவியும் பல மெஷின்களில் கூடவே வருகிறது. மிஞ்சிக் கிடக்கும் பழைய சரக்கை விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால், பத்து வருடம் கழித்து அந்த வாயுவை என்ன விலைக்கு நிரப்பவேண்டி வரும் என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.