வகுப்பா, ஒத்திகையா, சரிபார்ப்புப் பட்டியலா: தொட்டி வாசலில் எது கை கொடுக்கும்?

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாய ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கழிவுநீர்த் தொட்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அடியில் தங்கிய சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் அதன் அளவு 100 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தொட்டால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றுகிற நேரம்தான் மிகவும் பொல்லாத நேரம். இறங்கியவர் சுருண்டு விழுவார், அவரைத் தூக்க இரண்டாமவர் குதிப்பார், பின்னாலேயே மூன்றாமவர். முதல் சாவுக்கு வாயு காரணம். அடுத்த இரண்டுக்கும், குழுவாக நிற்கப் பழகாததே காரணம் என்பேன்.

ஆலையில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் எனக்கு ஆண்டுதோறும் ஒரே கேள்வி வருகிறது: குழுப் பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தை எதில் போடுவது? வெளியிலிருந்து பயிற்றுநரை அழைத்து ஒரு நாள் வகுப்பு. வேலை நடக்கும் இடத்திலேயே ஒத்திகை. இறங்குமுன் எல்லோரும் கூடி வாசிக்கும் சரிபார்ப்புப் பட்டியல். மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வகுப்பு எல்லோருக்கும் பிடிக்கும். மின்விசிறி, டீ, மதியச் சாப்பாடு, கடைசியில் கருத்துப் படிவம். படிவத்தில் எப்போதும் 'மிக நன்று'தான். பயிற்சியின் பலனை நான்கு படிகளில் அளக்கலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே சொல்லிவிட்டார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. நம் ஆலைகளில் பெரும்பாலும் முதல் படியோடு கோப்பை மூடிவிடுகிறோம். வகுப்பு தமிழில் நடக்கும்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் பின்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். தொட்டிக்குள் இறங்கப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். வாயு ஏன் கொல்கிறது என்பதைப் புரியவைக்க வகுப்பு வேண்டும், மறுக்கவில்லை. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இதை எனக்கு உணர்த்தியது முதல் ஒத்திகை. காலியான, கழுவிய தொட்டிக்குள் மணல் மூட்டைக்குச் சட்டை மாட்டிப் படுக்கவைத்து, "ஆள் விழுந்துவிட்டான்" என்று சத்தம் போட்டோம். வகுப்புத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய சூப்பர்வைசர் ஓடிவந்து, முகமூடி எதுவும் இல்லாமல், இடுப்பு வரை உள்ளே குனிந்துவிட்டார். ஆளை மேலே தூக்கும் முக்காலியும் சுவாசக் கருவியும் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தன. சாவி வைத்திருந்தவர் அன்றைக்கு இரவு ஷிப்ட். கயிற்றைப் பிடித்திருந்த பையன் சூப்பர்வைசரைத் தடுக்க வாயெடுத்து, முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான். எந்தப் படிவத்திலும் அகப்படாத இந்த நான்கு ஓட்டைகளும் அரை மணி நேரத்தில் கண்முன் வந்து நின்றன.

அந்தப் பையன் வாயடைத்து நின்றதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் தெனரீபே தீவு விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இன்னும் நிற்கிறதோ என்று விமானப் பொறியாளர் சந்தேகம் கேட்டார். மூத்த விமானி அதைத் தள்ளிவிட்டுப் புறப்பட்டார். இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் விமானிகளுக்கான குழுப் பயிற்சி பிறந்தது. பின்னாளில், வழக்கமான பயணங்களில் பார்வையாளர் ஒருவர் விமானி அறையிலேயே உட்கார்ந்து, யாரையும் தண்டிக்காமல், நடப்பதைக் குறித்துக்கொள்ளும் முறையும் வந்தது. படிவத்தை நம்பாமல் நடத்தையை நேரில் பார்ப்பது அது. நமக்கும் அதுதான் வேண்டும். 'முதலாளி', 'மாஸ்டர்', 'அண்ணா' என்று மரியாதையாகவே பேசிப் பழகிய ஊர் இது. அந்த மரியாதை இருக்கட்டும். தொட்டி வாசலில் மட்டும் அது வாயைக் கட்டக் கூடாது.

சரிபார்ப்புப் பட்டியல்தான் மூன்றிலும் மலிவு. அறுவைச் சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சப் பட்டியலைக் கொண்டுவந்தது. எட்டு நகர மருத்துவமனைகளில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் வந்த ஆய்வு சொன்னது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014 ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. இடையே 2010-இல் வந்தது அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளைப் பற்றிய ஆய்வு. அங்கே பயிற்சி, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பட்டியலை வைத்து நடக்கும் கலந்துபேச்சு, பிறகு ஓராண்டுத் தொடர் வழிகாட்டல் என எல்லாம் சேர்ந்தே நடந்தன. பயிற்சி பெற்ற 74 இடங்களில் இறப்பு 18 சதவீதம் குறைந்தது, பெறாத 34 இடங்களில் 7 சதவீதம். ஆக, காகிதம் மட்டும் போதாது. எங்கள் ஆலையிலேயே, ஆள் உள்ளே இறங்கிய பிறகு மேஜையில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் போட்ட பட்டியலைப் பார்த்திருக்கிறேன்.

விபத்து எண்ணிக்கையை வைத்துப் பயிற்சியை எடைபோடுவோரும் உண்டு. இருநூறு பேர் வேலை செய்யும் ஆலையில் அது செல்லாது. பத்து ஆண்டு விபத்தே இல்லை என்பது பயிற்சியின் பலனாகவும் இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அந்த எண்ணால் இரண்டையும் பிரிக்க முடியாது. நான் குறித்துவைப்பது வேறு. வாயு மீட்டரை இறக்கி ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று பார்த்தது யார்? மீட்புக் கருவி வாசலுக்கு வர எவ்வளவு நேரம் ஆனது? இந்த மாதம் எத்தனை முறை வேலை நிறுத்தப்பட்டது, நிறுத்தியவர் யார்?

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என் கை ஒத்திகைக்கே போகும். ஒரு நாள் வகுப்புக்குப் பதில் ஆண்டுக்கு மூன்று ஒத்திகை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இரவு ஷிப்டையும் சேர்த்து. உற்பத்தி கெடுகிறதே என்று முகம் சுளிப்பார்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொன்னதைக் காட்டுங்கள்: உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று தகுதியானவர் எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, அவர் கச்சையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கயிறு பிடிப்பவரைச் சட்டமே குழுவில் சேர்த்துவிட்டது. அவருக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது நம் வேலை. பட்டியலை ஒத்திகைக்குப் பிறகு, அந்த ஆட்களையே வைத்து, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுங்கள்.

நாங்கள் நிறுத்துவதற்கு ஒரே சைகை வைத்துக்கொண்டோம்: தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்காகப் பிடிப்பது. மொழி வேண்டியதில்லை. போன மாதம், ஒத்திகை இல்லை, உண்மையான வேலையின்போதே, கயிறு பிடித்திருந்த ஒடிசாப் பையன் அப்படிக் கையைத் தூக்கினான். எதிரே நின்றவர் அதே சூப்பர்வைசர். பதிவேட்டில் அவர் கையாலேயே எழுதியிருக்கிறது: "நிறுத்தியவர்: கயிறு பிடித்தவர். காரணம்: இரண்டாம் முறை மீட்டர் பார்க்கவில்லை. வேலை இருபது நிமிடம் தள்ளித் தொடங்கியது."