எஃப்டி கார்டு வைத்து சிபில் ஸ்கோரை மீட்பது: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நீண்டகால அனுபவம்

கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் சிபில் ஸ்கோர் அடிவாங்கியவருக்கு வழக்கமான கிரெடிட் கார்டு எளிதில் கிடைக்காது. வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் (எஃப்டி) போட்டு, அதன் பேரில் வாங்கும் கார்டுதான் நம்பிப் போகக்கூடிய வழி. கார்டு நல்லதுதான், ஆனால் நம் கடன் வரலாறு பதிவாகும் கிரெடிட் ரிப்போர்ட்டில் கிடக்கும் பழைய கோளாறைச் சரிசெய்யாமல் அதை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பலன்கூட வராது.

அதனால் முதல் வேலை ரிப்போர்ட்டைப் படிப்பது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கத்தில் அதிகம் மாட்டுவது பெயரும் முகவரியும். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பானில் அப்பா பெயர் விரிந்திருக்கும். பழைய கடன் பொள்ளாச்சி முகவரியில், புதுக்கடன் சித்தூர் தாலுக்கா முகவரியில் நிற்கும். இந்தக் குழப்பத்தில் அதே பெயருள்ள வேறொருவர் கடன் உங்கள் கணக்கில் வந்து உட்காரலாம். பான் எண்ணையும் பிறந்த தேதியையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்து, தப்பானதற்கு ஆன்லைனிலேயே டிஸ்ப்யூட் (திருத்தக் கோரும் புகார்) போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

'செட்டில்டு' என்று இருந்தால் குறைத்துப் பேசிக் கட்டிய கடன் என்று அர்த்தம். பலர் கடன் முடிந்துவிட்டதென்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், அடுத்த வங்கி அதைப் பார்த்ததுமே தயங்குகிறது. முடிந்தால் மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்னும் நோ டியூ சான்றிதழ் வாங்கி, 'க்ளோஸ்டு' என மாற்றச் சொல்லுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் உங்கள் ரிப்போர்ட்டில் வரலாம், அதையும் தேடுங்கள். பிளேடுகாரரிடம் (கந்துவட்டிக்காரரிடம்) வாரம் தவறாமல் கட்டினாலும் அது எங்கும் ஏறாது. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் ஏறும்.

இனி கார்டு. 20,000 ரூபாய் டெபாசிட்டுக்கு 90 சதவீதம் லிமிட் என்றால் 18,000. அதில் 30 சதவீதமான 5,400-க்குள் செலவை நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பில் தேதிக்கு முன்பே கொஞ்சம் கட்டிவிடலாம். 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்புவதால், கட்டியது முன்பைவிடச் சீக்கிரம் பதிவாகிறது.

இந்தப் பக்கம் கார்டு கெடுவது பெரும்பாலும் ஊதாரித்தனத்தால் இல்லை. தேங்காய் வெட்டு சுமார் 45 நாளுக்கு ஒருமுறை, கார்டு பில் மாதாமாதம். வெட்டுக்கு முந்தின வாரம் கையில் காசு இருக்காது, அப்போதுதான் பில்லும் வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு வெட்டுக் காசிலும் இரண்டு பில்லுக்கானதைத் தனியாக சேவிங்ஸ் கணக்கில் போட்டுவிடுங்கள். சம்பளக்காரர்களுக்கு இது சுலபம்: பில்லிங் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள உரிமை உண்டு, சம்பளம் வந்த அடுத்த வாரம் கட்டும்படி கேட்டு வாங்கலாம்.

ஆட்டோ டெபிட்டில் 'டோட்டல் டியூ'வைத் தேர்வு செய்யுங்கள். 'மினிமம் டியூ' மட்டும் போனால் கெட்ட பெயர் வராது, ஆனால் பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல்கூட வட்டி ஓடும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் போய்விடும்.

கார்டை வாங்கிப் பெட்டியில் வைப்பதும் ஆபத்து. 499 ரூபாய் ஆண்டுக் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 588.82. பழைய மொபைல் எண் என்றால் மெசேஜ் வராது, இந்தச் சின்னத் தொகையே பாக்கியாக ஏறும். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் பாக்கி என்று அனுப்பலாம், அதற்குள் கட்டிவிட்டால் தப்பிக்கலாம்.

ஸ்கோர் அசைவதைப் பார்க்கக் குறைந்தது ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். அதுவரை வேறெங்கும் கடன் கேட்டு விண்ணப்பம் போடாதீர்கள், ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும். பழைய தவணைத் தவறல்கள் 36 மாதக் கட்டத்தில் தெரியும், புது மாதங்கள் சேரச் சேரத்தான் அவை பின்னுக்குப் போகும். வழக்கமான கார்டு கிடைத்த உடனே டெபாசிட் கார்டை மூடாமல், புதியது ஒரு வருஷமாவது ஒழுங்காக ஓடிய பிறகு மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளில் வங்கி மூடியாக வேண்டும். டெபாசிட்டின் மேலுள்ள லியனை, அதாவது வங்கியின் பிடிமானத்தை, நீக்கியதற்கும் கையோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.